ஜான்சி ராணி படை

ஜான்சி ராணி படை என்பது இந்திய தேசிய இராணுவத்தில் பெண்களை மட்டுமே கொண்டு அமைந்த தன்னார்வக் காலாட்படைப் பிரிவு ஆகும். 1943 சூலையில் சிங்கப்பூரில் சுபாசு சந்திர போசு இதை அறிவித்தார். அக்டோபர் 22 அன்று அங்கே பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. சென்னையில் பிறந்த மருத்துவர் இலட்சுமி சுவாமிநாதன் தலைமை ஏற்றார்.

சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாயா இரப்பர்த் தோட்டங்களில் வேலை செய்த தமிழ்க் குடும்பத்துப் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை. துப்பாக்கி, கைக்குண்டு முதலியவற்றில் பயிற்சி பெற்றனர். சிலர் செவிலியர் பணி கற்றனர்.

1944இல் ஒரு பகுதியினர் பர்மாவின் மேமியோ நகருக்குச் சென்றனர். இம்பால் தாக்குதல் தோல்வியுற்றதால் போர்முனைக்கு அனுப்பப்படவில்லை. மருத்துவமனைகளில் காயமுற்ற வீரர்களைப் பராமரித்தனர். 1945 ஏப்ரலில் போசுடன் இரங்கூனை விட்டு வெளியேறிய பிரிவினர், விமானத் தாக்குதலுக்குத் தப்பப் பகலில் மறைந்தும் இரவில் நடந்தும் சயாமை நோக்கிச் சென்றனர். பின்வாங்கிய மற்றொரு பிரிவினர் சென்ற தொடருந்து தாக்கப்பட்டதில் இருவர் உயிரிழந்தனர்.

கேப்டன் இலட்சுமிக்கு 1998இல் பத்ம விபூசண் விருது வழங்கப்பட்டது. தோட்டத்துப் பெண்களில் பலரின் பெயர்கூட இன்று பரவலாக அறியப்படவில்லை. இப்படை போர்முனையில் சண்டையிடவில்லை. ஆயினும் கூலித் தொழிலாளர் குடும்பத்துப் பெண்கள் தாமே முன்வந்து ஆயுதம் ஏந்தியதே இதன் வரலாற்றுச் சிறப்பு.