புதுவைக்குக் கோடு போட்டவர் யார்?

புதுச்சேரிப் பட்டணத்தைப் பார்த்துவிட்டு வருபவர்கள் அதன் வீதிகளைப் புகழாமல் இருப்பதில்லை. நூல் பிடித்தாற்போல் நேராக ஓடும் தெருக்கள். சதுரங்கப் பலகைபோல் அமைந்த சந்திப்புகள். "பிரெஞ்சுக்காரன் மூளையே மூளை!" என்று வியப்பது வழக்கமாகிவிட்டது. இந்த வழக்கு தவறென்று நிரூபித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரரே என்பதை நேயர்கள் அறிந்தால் ஆச்சரியப்படுவார்கள்.

அவர்தாம் ழான் தெலோஷ் (1929–2019). மன்னர்களின் யுத்தங்களைக் காட்டிலும், மக்கள் நடந்த பாதைகளே அவர் உள்ளத்தைக் கவர்ந்தன. ரயில் வருமுன் இந்நாட்டில் மனிதரும் சரக்கும் எவ்விதம் பிரயாணம் செய்தனர் என்பதைச் சாலை, பாலம், வண்டி, படகு என்று ஒவ்வொன்றாக ஆராய்ந்தார். அதன் பயனாக 1980-ல் இரண்டு பாகங்கள் கொண்ட பெருநூல் பிரெஞ்சில் பிறந்தது. பின்னர் ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

இத்தகைய கண்ணுடன் அவர் புதுவையையும் நோக்கினார். 1674-ல் பிரான்சுவா மர்த்தேன் இங்கு நிலைகொண்டார். 1693-ல் டச்சுக்காரர் ஊரைக் கைப்பற்றினர். 1697-ல் ஏற்பட்ட ரைஸ்விக் உடன்படிக்கையின்படி, 1699-ல் அது பிரெஞ்சுக்காரரிடம் திரும்பி வந்தது. இடைப்பட்ட ஆறு வருஷங்களைச் சரித்திரப் புத்தகங்கள் ஒரு வரியில் தாண்டிவிடுவதுண்டு. தெலோஷ் அவ்வாறு தாண்டவில்லை. டச்சுக்காரர் வரைந்து வைத்த பழைய படங்களைத் தேடி ஆராய்ந்தார். நேர் வீதிகளின் அமைப்பு அவற்றிலேயே காணப்பட்டது! பிரெஞ்சுக்காரர் அதைப் பின்பற்றி விரிவாக்கினர் என்ற முடிவைப் புதுவைப் பிரெஞ்சு ஆராய்ச்சி நிறுவனம் 2004-ல் நூலாக வெளியிட்டது. தம் தேசத்துக்குச் சேர்ந்திருந்த புகழைத் தாமே பிறருக்குப் பங்கிட்டுக் கொடுப்பது எளிதான காரியமா?

இதனால் டச்சுக்காரரைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அமெரிக்காவில் வில்லியம் பென் என்பவர் பிலடெல்பியா நகரத்துக்கு 1682-லேயே இவ்விதம் கட்டம் கட்டமாகத் திட்டமிட்டிருந்தார். அது அக்காலத்தில் பல தேசத்தாரும் கையாண்ட முறை. மேலும், கோடு போட்டால் மட்டும் ஊர் உண்டாகிவிடுமா? துணி வியாபாரத்தை நம்பியே கம்பெனிகள் இங்கு வந்தன. அந்தத் துணியை நெய்தவர்கள் நம்மவர்கள். வீடு கட்டிக் குடியிருந்தவர்களும் நம்மவர்களே.

1761-ல் ஆங்கிலேயர் பட்டணத்தை இடித்துப் பாழாக்கினர். 1765 முதல் ஊர் மீண்டும் எழுந்தபோது பழைய தெருக்களின் வழியிலேயே எழுந்தது. சுவர் விழுந்தாலும் தெருவின் வழி எளிதில் மறைவதில்லை. அதனாலேயே மூன்று நூற்றாண்டு கடந்தும் அந்தப் பழைய படத்தில் இன்றைய புதுவையை அடையாளம் காண முடிகிறது. கோட்டை மதிலைத் தேடுவோர் அண்ணா சாலையிலும் படேல் சாலையிலும் சுப்பையா சாலையிலும் நடக்கலாம். நகரைச் சுற்றி வரும் அச்சாலைகள் மதிலின் தடத்தைக் காட்டுகின்றன.

பிள்ளைகளுடன் புதுவைக்குச் செல்லும் பெற்றோர் கடற்கரையோடு திரும்பிவிடாமல், பெரிய வாய்க்காலைக் கடந்து தமிழர் பகுதிக்கும் செல்லும்படி கேட்டுக்கொள்கிறோம். மற்றொரு வேண்டுகோளும் உண்டு. வீட்டுப் பெட்டியில் பாட்டனார் காலத்து மனைப் பத்திரமோ வரைபடமோ இருந்தால், அதைப் பழைய காகிதக்காரரிடம் எடை போட்டுவிடாதீர்கள். தெலோஷ் போன்ற ஒருவர் நாளை அதைத் தேடி வரக்கூடும்.