மணல் பீப்பாயும் மஞ்சள் சட்டையும்

அமெரிக்காவின் பால்டிமோர் நகரைச் சுற்றிச் செல்லும் 695 நெடுஞ்சாலையில், 2023 மார்ச் 22 அன்று சாலைப் பணியில் இருந்த ஆறு பேர் இறந்தார்கள். போக்குவரத்துக்கும் அவர்களுக்கும் நடுவே கான்கிரீட் தடுப்புச் சுவர் இருந்தது. மணிக்கு 160 கிலோமீட்டருக்கு மேல் பறந்துவந்த இரண்டு கார்கள் மோதிக்கொள்ள, ஒன்று நிலைதடுமாறி, வேலை வண்டிகள் போய்வர விட்டிருந்த இடைவெளிக்குள் புகுந்துவிட்டது.

அந்த ஓட்டுநர்களை யாரும் மன்னிக்க வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் ஒழுங்காக ஓட்டுவார்கள் என்று நம்பி ஒரு வேலைத்தளத்தை அமைக்க முடியாது. இயற்பியலை நம்பித்தான் அமைக்க வேண்டும்.

மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்து, மனம் முடிவெடுத்து, கால் பிரேக்குக்குப் போக இரண்டரை நொடி என்று சாலைப் பொறியாளர்கள் கணக்கிடுகிறார்கள். அதற்குள்ளேயே 70 மீட்டர் போய்விடும். பிரேக் பிடித்து நிற்பதையும் சேர்த்தால் சுமார் 180 மீட்டர். பள்ளத்துக்குப் பத்தடி முன்னால் வைக்கும் 'டேக் டைவர்ஷன்' பலகை யாருக்காக என்பது எனக்குப் புரிந்ததே இல்லை. ஒரு தடத்தை மூடும்போது கூம்புகளைச் சாய்வாக அடுக்கி வண்டிகளை ஒதுக்குவதற்கும் நீளம் வேண்டும். அமெரிக்க விதிப்படி, 12 அடித் தடத்தை மணிக்கு 60 மைல் வேகச் சாலையில் மூட அந்தச் சாய்வு 720 அடி நீள வேண்டும்.

தொழிலாளி போடும் மஞ்சள் சட்டையில் இரண்டு வேறு அறிவியல்கள் இருக்கின்றன. துணியின் நிறம், கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிரை வாங்கித் தெரியும் ஒளியாக மாற்றுகிறது. அது பகலுக்கு. வண்டி விளக்கில் புற ஊதா மிகக் குறைவு என்பதால் இரவில் அந்தப் பளபளப்பு உதவாது. அப்போது கைகொடுப்பது வெள்ளிப் பட்டைகள்: அவற்றிலுள்ள நுண்ணிய கண்ணாடி மணிகள், ஒளியை அது வந்த திசைக்கே திருப்புகின்றன. பட்டையில் தூசும் தாரும் படிந்தால் அதுவும் போச்சு.

சட்டை வண்டியை நிறுத்தாது. அதற்கு ஒரு பந்தய வீரர் வழி கண்டார். 1955 லெ மான் பந்தயத்தில் கார் ஒன்று கூட்டத்துக்குள் பாய்ந்து 80க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தக் காரை அடுத்து ஓட்டவிருந்தவர் ஜான் ஃபிட்ச். பிற்பாடு அவர் உருவாக்கியது மணல் நிரப்பிய பிளாஸ்டிக் பீப்பாய் வரிசை. முன்னால் 90 கிலோ, கடைசியில் 950 கிலோ வரை. மோதும் கார் தன் உந்தத்தை மணலுக்குக் கொடுத்துக்கொண்டே போகிறது. வேகம் படிப்படியாகக் குறைகிறது. தொழிலாளிக்கு மட்டுமல்ல, ஓட்டுநருக்கும் இதுதான் காப்பு. அமெரிக்க வேலைத்தள விபத்துகளில் இறப்பவர்களில் பெரும்பாலோர் வண்டியில் வந்தவர்களே.

இந்திய சாலைக் காங்கிரசின் எஸ்பி 55 வழிகாட்டி, முன்னெச்சரிக்கைப் பகுதியில் தொடங்கி வேலை முடியும் இடம் வரை எல்லாவற்றையும் வகுத்திருக்கிறது. தளத்தில் பலநேரம் கிடைப்பதோ கல் வைத்த தார் டிரம்மும் ஒடித்துப் போட்ட மரக்கிளையும். கல்லும் இரும்பும் மோதலை உள்வாங்கிக்கொள்ளாது, அப்படியே திருப்பிக் கொடுக்கும்.

இன்னொன்று, வேலை முடிந்தும் வாரக்கணக்கில் நிற்கும் எச்சரிக்கைப் பலகைகள். ஆளில்லாத 'ஆட்கள் வேலை செய்கிறார்கள்' பலகைகளை நாலைந்து தடவை கடந்த லாரி ஓட்டுநர் அடுத்ததற்கு ஏன் காலைத் தளர்த்துவார்? பலகையைக் கழற்ற நேரமில்லை என்றால் மேலே ஒரு சாக்கைப் போட்டு மூடலாம்.