அஃப்வு: சுவடழிக்கும் சொல்

நாம் ‘மன்னிப்பு’ என ஒரே சொல்லால் பெயர்க்குமிடங்களில் அரபுமொழி மூன்று சொற்களை ஆள்கின்றது. ‘மக்ஃபிரத்’தின் வேர்ப்பொருள் மறைத்தல், தலைக்கவசம் ‘மிக்ஃபர்’ எனப்பட்டதும் அதனாலேயே. ‘ஸஃப்ஹு’ என்பது குற்றங்கடியாது முகந்திருப்பிக் கொள்ளுதல். ‘அஃப்வு’ என்பது அழித்தல். மணலிற் பதிந்த சுவட்டைக் காற்று துடைப்பதையும் அரபியர் இவ்வினையாலேயே கூறுவர். மறைத்தது உள்ளே இருக்கும், அழித்தது இராது. ஆதலின், மக்ஃபிரத்தினும் அஃப்வு நிறைவானது என்பர் இமாம் கஸ்ஸாலி. மனைவி மக்களால் நேரும் பகைமை பற்றிப் பேசும் 64:14ஆம் வசனம் இம்மூன்றையும் ஒருங்கே குறிப்பிடுகின்றது.

நம் பேச்சிலுள்ள ‘மாப்பு’ம் அஃப்வின் வேரிற் பிறந்ததே. ஹஜ்ஜுக்குப் புறப்படுவோர் வந்து மாப்புக் கேட்கையில் உடனே கொடுத்துவிடுகின்றோம். பின்னொருநாள் அப்பழங்கணக்கையே எடுத்துரைப்போமாயின், நாம் மறைத்தோமேயன்றி அழித்தோமல்லோம். அஃப்வு வேண்டி இறைவனிடம் கையேந்துமுன், நம் நெஞ்சிலுள்ள சுவடுகளைத் துடைத்தோமா?