முதியோர் இல்லங்களுக்குத் தரம் நிர்ணயிக்கும் மசோதா காலாவதி: ஆஸ்பத்திரிக்கு அலையும் மூத்த குடிமக்கள்

புதுதில்லி: பெங்களூரு ஈஜிபுராவில் உள்ள முதியோர் இல்லம் ஒன்றில், எண்பது வயதைக் கடந்த மூதாட்டிக்கு மாலையில் லேசான காய்ச்சல் காண்கிறது என வைத்துக்கொள்வோம். சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். போதிய தண்ணீர் குடிக்காததாலும் இருக்கலாம். பரிசோதிக்க ஆளில்லை. காலையில் சோர்ந்து கிடப்பவரைக் கண்டதும் ஆம்புலன்ஸ் அழைக்கப்படுகிறது. செயின்ட் ஜான்ஸ் மருத்துவமனை அதிகத் தொலைவில் இல்லை. ஆனால், 2017-ல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் இழுபட்ட மேம்பாலப் பணியால் அப்பகுதிச் சாலைகள் பட்ட பாட்டை அங்குள்ள தமிழர்கள் நன்கறிவர்.

முதல் நாள் மாலையிலேயே ஒரு செவிலியர் பார்த்திருந்தால் இப்பயணம் தேவைப்பட்டிராது. மருத்துவமனையில் தங்குவதும் முதியோருக்கு ஆபத்தில்லாதது அன்று. மனக்குழப்பம், படுக்கைப் புண், புதிய தொற்று ஆகியவை அங்கிருந்தே தொற்றிக்கொள்வதுண்டு.

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-ல் நிறைவேறியது. மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது அமைக்கலாம் என்கிறது அச்சட்டம். ஆனால், அதன் 20-வது பிரிவு பேசுவதெல்லாம் அரசு மருத்துவமனைப் படுக்கை, தனி வரிசை போன்றவற்றைத்தான். 70 வயதைக் கடந்தோருக்காக 2024 அக்டோபர் 29-ல் விரிவாக்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் திட்டமும், உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான் கைகொடுக்கும். புறநோயாளி சிகிச்சை அதில் இல்லை. அதாவது, முதியவர் படுத்த பிறகே அரசின் பணப்பை திறக்கிறது.

இதை ஓரளவேனும் மாற்றக்கூடிய திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. முதியோர் இல்லங்களுக்குக் குறைந்தபட்சத் தரம், கட்டாயப் பதிவு, வீட்டிலேயே பராமரிப்புச் சேவை ஆகியவை அதில் இருந்தன. நிலைக்குழு ஆராய்ந்து 2021 ஜனவரியில் அறிக்கையும் தந்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கும் மேல் அவகாசம் இருந்தும் மசோதா நிறைவேறவில்லை. 2024 ஜூனில் 17-வது மக்களவை கலைக்கப்பட்டதும் காலாவதியானது. அமளிக்கு நேரம் இருந்த அவையில் இதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அமெரிக்காவில், நிமோனியா, சிறுநீர்த் தொற்று, நீரிழப்பு உள்ளிட்ட ஆறு பாதிப்புகளுக்கு இல்லத்திலேயே சிகிச்சை அளிக்க 2016 முதல் 2020 வரை மத்திய அரசு சோதனை முறையில் தனிக் கட்டணம் வழங்கியது.

அவ்வளவு தூரம் போவானேன்? பெங்களூருவை ஒட்டிய கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்ட் 5-ல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. ரத்த அழுத்தம், சர்க்கரை நோய்க்கான மாத்திரைகளும் இயன்முறை சிகிச்சையும் அங்கு வீடு தேடி வருகின்றன. முதியோர் இல்லத்தின் கதவையும் அவ்வாறே தட்டுவதற்கு, புதிய மசோதா வரும்வரை காத்திருக்க வேண்டிய கட்டாயம் எந்த மாநில அரசுக்கும் இல்லை.