பாப்பாவுக்குத் தக்காளி கொடுக்கலாமா?

என் பேத்திக்கு எட்டு மாதம் நடக்கிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும்தான். பிறகு கேழ்வரகுக் கூழ், பருப்பு சாதம், வாழைப்பழம் என்று ஒவ்வொன்றாகப் பழக்கினோம். தக்காளி என்றதும்தான் ஆளுக்கொரு பேச்சு. "புளிப்பு ஆகாது, சளி கட்டும்" என்றார் எதிர்வீட்டு மாமி. "எங்க வீட்டுல ஏழாம் மாசமே ரசம் சாதம்தான்" என்றார் என் அண்ணி. திண்டாடியது என் மருமகள்! கடைசியில் குழந்தை டாக்டரிடமே கேட்டோம். அவர் சொன்னதையும் நாங்கள் செய்ததையும் எழுதுகிறேன். கைக்குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்குப் பயன்படுமே!

தக்காளியை ஒதுக்க வேண்டியதில்லை. 2019-21ல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வில், நம் நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை இருந்தது. பருப்பு, கீரை, கேழ்வரகில் உள்ள இரும்புச்சத்து உடம்பில் எளிதில் சேராது. அது சேர தக்காளியின் வைட்டமின் சி கைகொடுக்கும். அதனால் பருப்போடு சேர்த்துக் கொடுப்பதே நல்லது.

நன்றாகப் பழுத்த பெங்களூர் தக்காளி ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். நாட்டுத் தக்காளியில் புளிப்பு அதிகம். செங்காயாக இருக்கக் கூடாது. கொதிநீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் தோல் சுலபமாக உரிந்துவிடும். விதையை எடுத்துவிட்டு எவர்சில்வர் கிண்ணத்தில் வேகவைத்து மசியுங்கள். அலுமினியமும் ஈயம் பூசாத பித்தளையும் வேண்டாம். புளிப்பு பட்டால் உலோகம் உணவில் இறங்கும். ரொம்ப நேரம் கொதிக்க விட்டால் வைட்டமின் குறைந்துவிடும்.

பழகிய பருப்பு சாதத்தில் முதல் நாள் ஒரு டீஸ்பூன் போதும். ஒரு வயதுவரை உப்பு, சர்க்கரை வேண்டாம். கடையில் விற்கும் சாஸில் இரண்டுமே இருப்பதால் அதுவும் கூடாது. காலையில் கொடுத்தால், ஒத்துக்கொள்ளாவிட்டால் பகலிலேயே தெரிந்துவிடும். மூன்று நாளைக்கு வேறு புது உணவு கொடுக்காதீர்கள்.

எங்கள் குட்டிக்கு இரண்டாம் நாள் வாயைச் சுற்றி லேசாகச் சிவந்தது. "அத்தை, அலர்ஜி வந்துடுச்சு!" என்று மருமகள் பதறினாள். ஈரத்துணியால் துடைத்ததும் சற்று நேரத்தில் மறைந்துவிட்டது. புளிப்புச் சாறு மெல்லிய தோலில் பட்டால் இப்படி ஆவதுண்டு, அது மட்டுமே அலர்ஜி ஆகாது என்றார் டாக்டர். மலம் கழிக்கும் இடம் சிவந்தால் சில நாள் நிறுத்திவிட்டு, பிறகு கொஞ்சமாகக் கொடுத்துப் பார்க்கலாம்.

ஆனால் உடம்பெல்லாம் தடித்தாலோ, உதடு, கண் இமை வீங்கினாலோ, விடாமல் வாந்தி எடுத்தாலோ, மூச்சுத் திணறினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 108க்கு போன் செய்யுங்கள்.

இப்போது கடைகளில் கிடைக்கும் கோலிக்குண்டு அளவு செர்ரி தக்காளியில் கவனம்! முழுசாக விழுங்கினால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வளர்ந்த குழந்தைக்கும் நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் தர வேண்டும். எதை ஊட்டினாலும் நிமிர்த்தி உட்கார வைத்து, பக்கத்திலேயே இருங்கள்.

குழந்தைக்கு ஏற்கெனவே கரப்பானோ, வேறு உணவு அலர்ஜியோ இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டே தக்காளியை ஆரம்பியுங்கள்.

- ஒரு பாட்டி, கும்பகோணம்