நேற்று ஓடிய கார் இன்று 'கப்சிப்'!
பேட்டரியைக் கொல்வது மழையா, வெயிலா?

ராயபுரம். விடியற்காலை சவாரிக்குப் புறப்படும் டாக்சி டிரைவர் சாவியைத் திருப்புகிறார். 'டிக்... டிக்...' அவ்வளவுதான்! விளக்கு மங்குகிறது. என்ஜின் அசையவில்லை. சவாரி போச்சு, அன்றைய கூலியும் போச்சு!

"நேத்து ராத்திரி வரைக்கும் நல்லாத்தானே ஓடிச்சு?" என்று எல்லோரும் தலையில் கை வைக்கிறார்கள். மழைக்காலமாக இருந்தால் பழி மழை மேல் விழும். ஆனால், உண்மைக் குற்றவாளி வேறு!

வெயில்தான் வில்லன்

கார் பேட்டரி 12 வோல்ட். உள்ளே 6 அறைகள். ஈயத் தகடுகள் ஆசிட்டில் மூழ்கிக் கிடக்கும். சூடு ஏற ஏற தகடு அரிக்கும், தண்ணீர் வற்றும். 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதி என்பது தொழில் கணக்கு. 2003 மே மாதம் 45 டிகிரியைத் தொட்ட ஊர் நம்ம சென்னை! இங்கே 3, 4 ஆண்டு உழைத்தாலே பெரிய விஷயம்.

விளக்கு எரிய சில ஆம்பியர் போதும். என்ஜினைச் சுழற்ற 100 ஆம்பியருக்கு மேல் வேண்டும். அதனால்தான் ஹாரன் அடிக்கும், வண்டி கிளம்பாது!

லாரி வரிசையில் அவதி

துறைமுகம் செல்லும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் விரைவு சாலையில் கிலோமீட்டர் கணக்கில் காத்துக் கிடந்ததை வடசென்னைவாசிகள் மறக்க மாட்டார்கள். இப்படி என்ஜினை நிறுத்திவிட்டு மணிக்கணக்கில் விளக்கு, ஃபேன் போட்டால் எந்த பேட்டரியும் இறங்கும். சார்ஜ் இல்லாமலே கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கெட்டியாகும். பிறகு முழு சார்ஜ் ஏறாது.

என்ன செய்யலாம்?

* ராத்திரி முழுக்க ஓடாமல் நின்ற வண்டியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்லது. 12.2 என்றால் பாதி சார்ஜ்தான்.

* என்ஜின் ஓடும்போது 14 வோல்ட் அளவு வராவிட்டால் ஆல்டர்னேட்டரைப் பாருங்கள். பேட்டரி மாற்றியும் பயன் இருக்காது.

* முனையில் வெள்ளை, பச்சைப் பொடி பூத்தால் சுத்தம் செய்யுங்கள்.

* மூடி திறக்கும் பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே. குழாய்த் தண்ணீர் கூடாது.

* பேட்டரி அருகே பீடி, தீக்குச்சி வேண்டவே வேண்டாம். கிளம்பும் ஹைட்ரஜன் வாயு வெடிக்கும்!

உங்கள் பேட்டரிக்கு 3 வயது தாண்டிவிட்டதா? ஸ்டார்ட் ஆக இழுக்கிறதா? அதுதான் எச்சரிக்கை மணி. நடுரோட்டில் நின்று "கொஞ்சம் தள்ளுங்கண்ணே" என்று கெஞ்சும் முன்பு மெக்கானிக்கிடம் காட்டிவிடுங்கள்!