திரையை ஆள்பவர் யார்?

சென்ற குளிர்கால விடுமுறை முடிந்து ஆய்வுக்கூடத்துக்குத் திரும்பிய முதல் இரவிலேயே எனக்கு ஓர் இழப்பு நேர்ந்தது. எங்கள் கூடத்தில் ஓர் அளவுக்கருவி உண்டு. அதனை இயக்கும் நிரலில், ஒவ்வோர் அளவுக்கும் ஒரு பொத்தானை மவுஸால் அழுத்தியாக வேண்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, விடியும்வரை, யாரால் அழுத்திக்கொண்டிருக்க முடியும்? எனக்கு முன்பிருந்த மூத்த மாணவர் ஒருவர், அந்தப் பொத்தானைத் தானாக அழுத்தும் குட்டி நிரல் ஒன்றை எழுதி வைத்துவிட்டுப் போயிருந்தார். நானும் அதனை ஏவிவிட்டு விடுதிக்குப் போய் நன்றாக உறங்கினேன். காலையில் வந்து பார்த்தால் ஓர் அளவுகூட இல்லை! குட்டி நிரல் கடமை தவறாமல் இரவெல்லாம் அழுத்தியிருக்கிறது, ஆனால் வெறுங்காற்றை.

விடுமுறையில் அந்தக் கணினியின் லினக்ஸையும் கருவியின் நிரலையும் புதுப்பித்திருந்தார்கள். அதனோடு திரையை ஆளும் முறையும் எக்ஸ் என்பதிலிருந்து வேலண்ட் என்பதற்கு மாறிவிட்டது. 2008இல் தொடங்கிய மாற்றம் இது, இன்னும் முற்றுப்பெறவில்லை. ஒரு பொத்தானை இழந்தவன் என்ற முறையில் அதன் காரணத்தைத் தேடிப் படித்தேன். படித்ததை நண்பர்களுக்குச் சொல்லுகிறேன்.

ஒரு கணினியில் பல நிரல்கள் ஒருங்கே ஓடுகின்றன. திரையோ ஒன்று, விசைப்பலகையும் ஒன்று. எந்த நிரலுக்கு எவ்வளவு இடம், அழுத்திய எழுத்து யாருக்கு என்பதைத் தீர்க்க ஒரு நடுவர் வேண்டும் அன்றோ? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பாப் ஷைஃப்லர், ஜிம் கெட்டிஸ் ஆகியோர் 1984இல் அத்தகைய நடுவர் ஒன்றை ஆக்கினர். வெவ்வேறு நிறுவனங்களின் கணினிகளை மாணவர்கள் ஒரே வகையாகப் பயன்படுத்த வேண்டும் என்ற அத்தீனா திட்டத்துக்கு அது துணையாயிற்று. அதற்கு முன்பிருந்த முறையின் பெயர் டபிள்யூ. ஆங்கில நெடுங்கணக்கில் அடுத்த எழுத்து எக்ஸ். பெயர்சூட்டு விழா அவ்வளவில் முடிந்தது! 1987 செப்டம்பரில் அதன் 11ஆம் பதிப்பு வந்தது. இன்றும் அதே எண்தான்.

எக்ஸ் முறையில் இந்த நடுவருக்குச் சர்வர் என்று பெயர். சர்வர் என்றதும் நம் நினைவுக்கு வருபவர் உணவு விடுதியில் பரிமாறுபவர்தாம். அவரையே உவமையாகக் கொள்வோம். ஞாயிறுதோறும் நம் மன்றத்தார் கூடும் மெஸ்ஸில் கூட்டம் நெரிகிறது, சர்வர் ஒருவரே. ஒவ்வொரு மேசையும் உரக்கக் கூவித் தன் தேவையைச் சொல்லுகிறது. யார் என்ன கேட்டார் என்பது எல்லார் காதிலும் விழும். அதுமட்டுமா? “மூன்றாம் மேசைக்கு இன்னொரு தோசை” என்று ஐந்தாம் மேசைக்காரர் கூவினாலும் சர்வர் கொண்டுவந்து வைத்துவிடுவார். கேட்டது யார் என்று பார்க்கமாட்டார்.

எக்ஸின் நிலை இதுதான். ஒரு நிரல் மற்றொன்றின் விசையழுத்தங்களைக் கேட்கலாம். அதன் சாளரத்தைப் படம்பிடிக்கலாம். அதன் பொத்தானைத் தான் அழுத்தலாம். ஒரு சாளரத்தில் நான் வங்கியின் கடவுச்சொல்லைத் தட்டும்போது, பக்கத்தில் கிடக்கும் விளையாட்டு நிரல் எழுத்து எழுத்தாகக் குறித்துக்கொள்ளலாம். இதற்குத் தனி உரிமை எதுவும் வேண்டியதில்லை. பல்கலைக்கழகத்துக் கணினிகளில் நம்பிக்கைக்குரிய நிரல்களே ஓடிய காலத்தில் இதனை யாரும் பெரிதாக எண்ணவில்லை. இன்று எங்கிருந்தெல்லாமோ நிரல்கள் வந்திறங்குகின்றன.

மற்றொரு குறையும் உண்டு. அந்நாளில் “இங்கே கோடு இழு, அங்கே இந்த எழுத்தைப் போடு” என்று நிரல் சொல்லும். வரைவது சர்வரின் வேலை. நம் ‘கொ’ என்ற எழுத்தைப் பாருங்கள்: கொம்பு முன்னே நிற்கிறது, கால் பின்னே நிற்கிறது. இத்தகைய நுட்பமெல்லாம் அந்தப் பழைய எழுத்துமுறைக்குத் தெரியாது. ஆதலால் நிரல்களே படத்தை முழுதும் வரைந்து கொடுக்கத் தொடங்கின. 2004க்குப் பின் அப்படங்களை அடுக்கித் திரையாக்கும் வேலையும் வேறொரு நிரலின் கைக்குப் போயிற்று. இப்போது சர்வர் என்ன செய்கிறார்? ஒருவர் சமைத்ததை வாங்கி, இலையில் அடுக்குபவரிடம் கொடுத்து, அவரிடமிருந்து திரும்ப வாங்கி வைக்கிறார்! ரெட்ஹாட் நிறுவனத்தில் எக்ஸுக்காகவே உழைத்துவந்த கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க், இடையில் இவர் எதற்கு என்று கேட்டார். அடுக்குபவரே நடுவராகவும் இருக்கட்டும் என்று 2008இல் வேலண்டைத் தொடங்கினார். வேலண்ட் என்பது மாசசூசெட்ஸில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர்.

வேலண்டில் ஒவ்வொரு மேசைக்கும் மறைப்பு உண்டு. அழுத்திய விசை உரிய சாளரத்துக்கு மட்டுமே போகும். தன் சாளரம் திரையில் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட நிரலுக்குத் தெரியாது. திருடனுக்குக் கதவு அடைபட்டது. நல்லது. ஆனால் அதே கதவின் வழியாகத்தான் நல்லவர் பலரும் போய்வந்துகொண்டிருந்தனர்!

பார்வையற்றோருக்குத் திரையைப் படித்துச் சொல்லும் நிரல், எல்லா விசைகளையும் கேட்டாக வேண்டும். தொலைவிலிருப்போர்க்குத் திரையைக் காட்டிப் பாடம் நடத்தும் ஆசிரியரின் நிரல், பிற சாளரங்களைப் பார்த்தாக வேண்டும். தமிழ் தட்டுகிற நமக்கும் இது நேர்ந்தது. தமிழ்99 முறையில் ‘க’வையும் ‘ஒ’வையும் அடுத்தடுத்துத் தட்டினால் ‘கொ’ வருகிறது. இதனைச் செய்யும் இடைநிரல், விசை உரிய இடம் சேரும் முன்பே அதனைக் கைப்பற்றியாக வேண்டும். எக்ஸில் இவையெல்லாம் திறந்த வாயிலில் நடந்தன. வேலண்டில் ஒவ்வொன்றுக்கும் தனி வாயில் வெட்ட வேண்டியதாயிற்று. திரையைப் பகிரும்போது இப்போது “எதனைக் காட்டலாம்?” என்று நம்மையே கேட்கிறது, இது பழையதைவிட மேல். ஆனால் சில நிரல்களைத் தனிக் கட்டளை சேர்த்துத் தொடங்கினால்தான் தமிழ் வரும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது.

வாயில் வெட்டுவது ஏன் இத்தனை அரிதாயிற்று? எக்ஸ் சர்வர் எல்லார்க்கும் பொதுவான ஒரே நிரல். ஓரிடத்தில் திருத்தினால் போதும். வேலண்டோ விதிநூல் மட்டுமே. அதன்படி குனோம் ஒரு நடுவரையும் கேடிஇ மற்றொரு நடுவரையும் எழுதிக்கொண்டன. புது விதி வேண்டுமென்றால் பலரும் ஒப்ப வேண்டும்; ஆணையிட ஒருவரும் இல்லை. வண்ணங்களைத் துல்லியமாகக் காட்டும் விதி பல்லாண்டு விவாதத்துக்குப் பின் 2025 பிப்ரவரியில்தான் ஏற்கப்பட்டது. இதற்கிடையே உபுண்டுவைத் தருவோர் 2013இல் மிர் என்று தனி வழி கண்டு, 2017இல் திரும்பினர். என்விடியா நிறுவனம் படங்களைக் கைமாற்றும் முறையில் 2021வரை மற்றவர்களோடு ஒத்துப்போகவில்லை.

பழைய நிரல்களை வேலண்டுக்குள்ளேயே ஓட்டும் எக்ஸ்வேலண்ட் என்ற பாலம் இல்லையேல் இந்த மாற்றம் நடந்தே இராது. ஃபெடோரா 2016இல் வேலண்டை முதன்மையாக்கிற்று. உபுண்டு 2017இல் ஏற்று, 2018இல் பின்வாங்கி, 2021இல் மீண்டும் ஏற்றது. கேடிஇயின் பிளாஸ்மா 6, 2024 பிப்ரவரியில் அவ்வழி வந்தது. 2025இல் வெளிவந்த ரெட்ஹாட் 10ஆம் பதிப்பில் பழைய சர்வர் இல்லவே இல்லை. பாலம் மட்டும் உண்டு.

கதவை அடைத்தது சரி என்பதே என் கருத்து. ஆனால் அடைத்தவர்கள், வெளியே நின்று தட்டியவர்களுக்கு “அது எங்கள் வேலையன்று” என்று நெடுநாள் விடை சொன்னார்கள். அதனை என்னால் மெச்ச முடியவில்லை.

என் கதைக்கு வருகிறேன். பொத்தானை அழுத்தும் வித்தையைக் கைவிட்டு, கருவியோடு நேரே பேசும் நிரலை எழுதினேன். மூன்று வாரம் பிடித்தது. இப்போது இரவில் அதுவே அளக்கிறது. ஆனால் கூடத்தின் மூலையில் வேறொரு கருவி இருக்கிறது. அதன் நிரலை எழுதியவர் யாரென்றே தெரியவில்லை. அந்தக் கணினியை வலையிலிருந்து பிரித்து, எக்ஸோடேயே விட்டுவைத்திருக்கிறோம். “இதனைப் புதுப்பிக்கக் கூடாது” என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் யாரோ சீட்டு ஒட்டியிருந்தார்கள். சென்ற வாரம் தமிழிலும் ஒரு சீட்டு ஒட்டினேன்.